எனக்காகக் கொஞ்சம் பயப்படுங்க

லிஃப்டின் கூரைமேல் கால் வைப்பதற்கு முன்னால் அவர் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். ஐந்தாவது மாடி நடையில், திறந்திருக்கும் கதவிலிருந்து நான்கடி தள்ளி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நான் நிற்பேன். "எப்படி சார் இருக்கு?" என்பார். "அடிவயித்துல என்னமோ பண்ணுது," என்பேன். "நெஞ்சுல?" "அங்கயும்தான்." "அப்ப சரி," என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வாசலில் நின்றபடியே கையை நீட்டிக் கூரைமேல் இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்குவார். அதற்குப் பிறகுதான் கால் உள்ளே போகும்.

இவர் எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக். மாதத்துக்கு இரண்டு முறை வருவார். வயது நாற்பத்திரண்டு. ஒடிசலான உடம்பு, முழுக்கை நீலச் சட்டை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் வாசனை. இடுப்பு பெல்ட்டில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வாய் குடிப்பார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து நாக்கு காய்ந்துபோகிறதாம். நடுநடுவே ஒரு கொட்டாவி விடுவார் பாருங்கள், தாடை கழன்று கையில் வந்துவிடுமோ என்று பார்க்கிறவனுக்குக் கவலையாக இருக்கும். தூக்கமா என்று கேட்டால், "தூக்கமெல்லாம் இல்ல சார், இது கூப்பிடாமலே வர்ற விருந்தாளி," என்பார். இதைச் சிரிக்காமல்தான் சொல்வார்.

கம்பெனியில் இவருக்கு "ரெண்டுதரம்" என்று பெயர். எதையும் இரண்டு தரம் சோதிக்காமல் விடமாட்டார் என்பதால் வந்த பெயர். லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு விதி உண்டு. லிஃப்ட் பெட்டியின் மேலே ஏறி நின்று வேலை செய்ய வேண்டுமானால், ஏறுவதற்கு முன்னாலேயே அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கிவிட வேண்டும். அமுக்கினால் அது உள்ளே முங்கிக்கொள்ளும். முங்கியிருக்கும்வரை எந்த மாடியில் யார் கூப்பிட்டாலும் லிஃப்ட் நகராது. மறந்துபோய் ஏறி நின்று கதவையும் சாத்திவிட்டால், அவர் நிற்பது தரையே இல்லை. எங்கேயோ ஒருவர் விரல் வைத்தால் கிளம்பிவிடும் வண்டியின் கூரை. முன்பெல்லாம் இவர் அந்தப் பட்டனை அமுக்குவார், கதவைச் சாத்துவார், வெளியிலிருந்து லிஃப்டைக் கூப்பிட்டுப் பார்ப்பார், வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி திறந்து பட்டனைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுவார். கூட வேலை செய்கிறவர்கள் இதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்களாம்.

"பத்தொன்பது வருசம் சார்," என்று ஒருநாள் சொன்னார். "ஒவ்வொரு தரமும் கூரைமேல கால் வைக்கப் போறப்ப, உள்ளேருந்து ஒருத்தன் 'டேய், டேய்'னு சட்டையப் புடிச்சு இழுப்பான். அவன்தான் எனக்கு மேஸ்திரி. அவன் இழுத்து இழுத்துத்தான் நான் ரெண்டுதரம் ஆனேன். இப்ப அவன் லீவுல போயிட்டான். லெட்டர்கூடப் போடல."

மேஸ்திரி லீவில் போன கதையை அவருடைய மனைவி சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். போன வருடம் இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியவில்லையாம். கொண்டுபோன சாப்பாட்டு டப்பா திறக்காமல் திரும்பி வந்தது. குளிப்பது வாரத்துக்கு ஒன்றானது. மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் போய் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம் ஏதோ ஒரு கட்டடத்தின் காவலாளி, இவர் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி வெகுநேரம் நிற்பதைக் கண்டு மேலே ஏறிப் போயிருக்கிறார். "வாங்க, டீ குடிக்கலாம்," என்பதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கைபோட்டுக் கீழே கூட்டிவந்து, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாளே டாக்டர். காலையில் ஒரு மாத்திரை, படுக்கும்போது ஒன்று. இரண்டு மாதத்தில் மனிதர் எழுந்து முகம் மழித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

"அந்த மாத்திரை இல்லன்னா இவரு இல்லண்ணே," என்றார் அந்த அம்மா. "அத நான் எந்தக் கோயில்ல வேணா சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்." எனக்கும் அதில் சந்தேகமில்லை. மாத்திரையைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் நோய் முழுதாகக் காலி செய்துகொண்டு போய்விடவில்லை. இன்னும் விடிவதற்கு வெகுநேரம் முன்னாலேயே விழிப்பு வந்துவிடுகிறது. காலையில் கட்டிலை விட்டு எழுவது ஈர மணல் மூட்டையைத் தூக்குவதுபோல் இருக்கிறதாம். வார்த்தைகள் கைநழுவுகின்றன. பத்தொன்பது வருடம் கையில் பிடித்த ஸ்க்ரூ டிரைவருக்குப் பெயர் வராமல், "அது சார், அந்தத் திருகறது," என்று விரலைத் திருகிக் காட்டுவார். இதெல்லாம் போதாதென்று, அழுகை போகும்போது சிரிப்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் டிவியில் நகைச்சுவைக் காட்சி வந்தால் இவர் மகளின் முகத்தைப் பார்ப்பார். அவள் சிரித்ததும் இவரும் சிரிப்பார். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண், ஏமாறுவாளா? "அப்பா, நீ என்னப் பாத்துச் சிரிக்கிற. டிவியப் பாத்துச் சிரி," என்று சொல்லிவிட்டாள். அவள் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட நாளில் இவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். கையைத் துணியில் கட்டித் தூக்கிப்போனார், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டார், ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். இரவு அவள் அம்மாவிடம், "அப்பா ஆம்புலன்ஸ் டிரைவர் மாதிரி இருந்தாரும்மா," என்றாளாம். இதை அவரே என்னிடம் சொன்னார். "கரெக்டாத்தான் சார் சொல்லிருக்கா. எனக்கு உள்ள ஒண்ணும் ஆகல. குழந்தை கத்துது, எனக்கு ரோட்டுல சிக்னல் எத்தனைன்னு ஓடுது."

இவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் என்னுடைய கோழைத்தனம். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கோப்புகளைப் படித்துக் குறிப்பெழுதியவன் நான். மனிதர்கள் எத்தனை சுலபமாகச் சாகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. குளியலறைச் சோப்பு, குக்கர் மூடி, ஏணியின் நாலாவது படி, எல்லாவற்றுக்கும் என்னிடம் கோப்பு உண்டு. அதனால் நாலாவது மாடியில் குடியிருந்தும் லிஃப்டில் ஏறுவதில்லை. மூட்டுவலியோடு படியேறுவேன். அப்படி ஒருநாள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது, வேலையை முடித்துவிட்டு இறங்கிய மெக்கானிக் வழிமறித்தார்.

"லிஃப்ட் ஓடுது சார். இப்பத்தான் பாத்தேன்."

"ஓடட்டும். எனக்குப் பயம்."

நான் எதிர்பார்த்தது ஒரு நமட்டுச் சிரிப்பு. அவரோ பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நெஜமாவே வருமா சார்? எப்படி இருக்கும்? வயித்துல ஆரம்பிக்குமா, கால்லயா?" என்று கேட்டார். மூக்கடைத்தவன் மற்றவர்களிடம் சமையல் வாசனையைப் பற்றிக் கேட்பதைப்போல ஒரு ஆவல். நானும் சொன்னேன். வாழ்நாளில் என் பயத்தைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாக விசாரித்ததில்லை. வயிற்றில் முதலில் ஒரு காலி இடம் உண்டாகும், பிறகு முழங்கால் பின்பக்கம் சில்லென்று ஆகும், பிறகு காதுக்குள் என் இதயமே பேசும் என்று விளக்கினேன். கண்ணை மூடிக் கேட்டார். "ஆமா சார், அதேதான். அந்தக் காலு சமாச்சாரம் மறந்தே போயிருந்தேன்," என்றார்.

அடுத்த முறை வந்தபோது என் வீட்டு அழைப்புமணியை அடித்தார். "ஒரு உதவி சார். அஞ்சாவது மாடிக்கு வந்து நில்லுங்க. நான் கூரைமேல ஏறுறப்ப எனக்காகக் கொஞ்சம் பயப்படுங்க."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தில் அதற்கான அடையாளம் இல்லை. "எனக்கு வரமாட்டேங்குது சார். பஸ் ஏறுற மாதிரி ஏறுறேன். பயப்படணும்னு தெரியுது, ஆனா பயம் வரல. கார்டுல எழுதி வச்சிருக்கேன், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. அதப் படிச்சுத்தான் ஏறுறேன். ஆனா கார்டு சட்டையப் புடிச்சு இழுக்காதில்ல?" என்றார். பிறகு எனக்கான வேலையைச் சொல்லிக் கொடுத்தார். "சிவப்பு முங்கியிருக்கணும். நிமிந்து நின்னா கத்துங்க. அவ்வளவுதான்."

"என்னன்னு கத்தறது?"

"எத வேணா கத்துங்க. சத்தம் வந்தாப் போதும்."

இப்படித்தான் நான் உத்தியோகத்தில் சேர்ந்தேன். என் மனைவி, "ஓய்வுபெற்ற பிறகு உங்க பயத்துக்குக்கூட வேலை கிடைச்சிடுச்சு," என்று கேலி செய்தாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். வேலை கட்டடத்தோடு நிற்கவில்லை. ஒருநாள் முடிதிருத்தும் கடையில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "சார், வேற கட்டடம். பன்னெண்டு மாடி. கீழ பாத்தா இருட்டு, ஆழமே தெரியல. எப்படி இருக்கு?" எனக்குக் கத்தியின் கீழேயே தலை சுற்றியது. "யோவ், பட்டனை அமுக்கினீங்களா?" என்று நான் அலறியதில் முடிதிருத்துகிறவர் கத்தியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "இந்தா, அமுக்கிட்டேன். தேங்ஸ் சார்," என்று போனை வைத்துவிட்டார் மெக்கானிக். மூன்று மாதம் இப்படி ஓடியது.

டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா என்று நான் கேட்காமல் இல்லை. தெருமுனை டீக்கடையில் நின்று கேட்டேன். கண்ணாடித் தம்ளரை ஊதிக்கொண்டே, "அங்க ஒரு தாள் குடுப்பாங்க சார்," என்றார். "தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வருதா, சாகணும்னு தோணுதா, பதற்றம், பயம் இருக்கா. இருக்கு, இல்லன்னு டிக் போடணும். எனக்கு அழுகை இல்ல. சாகத் தோணல. பயம் இல்ல. எல்லாம் பாஸ் மார்க். டாக்டரம்மாவுக்கு அவ்ளோ சந்தோசம். பயம் இல்லாததுதான் எனக்கு வியாதின்னு சொல்ல அதுல கட்டமே இல்ல."

"வாயால் சொல்லலாமே?"

தம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னா மாத்திரைய மாத்துவாங்க. மாத்தினா, மாடில நின்னான் பாருங்க, அவன் திரும்பி வந்துட்டா? அவனவிட இது தேவலாம் சார். அப்புறம் கம்பெனிக்குத் தெரிஞ்சா கூரைமேல ஏற விடமாட்டாங்க. ஆபீஸ்ல உக்கார வச்சு போன் எடுக்கச் சொல்வாங்க. எனக்கு ஸ்க்ரூ டிரைவருக்கே பேர் வரமாட்டேங்குது, நான் போன்ல என்ன பேசறது?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது என்பது ஒரு காரணம். டாக்டர் சரிசெய்துவிட்டால் அப்புறம் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார் என்ற அற்ப எண்ணமும் ஒரு மூலையில் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய மனைவிதான் என்னைவிடத் தெளிவாகப் பயந்தார். கண்ணாடிக் கடையிலிருந்து, வாடிக்கையாளர் இல்லாத வேளையில் போனில் தணிந்த குரலில் பேசுவார். "அவரு ரோட்டைக் கடக்கறதப் பாத்திருக்கீங்களாண்ணே? ஹாரன் அடிச்சா நின்னு திரும்பிப் பாக்கறாரு, யாரு கூப்பிடறாங்கன்னு பாக்கற மாதிரி. பதறி ஒதுங்கமாட்டேங்கறாரு. நான்தான் சட்டையப் புடிச்சு இழுக்கறேன்." இன்னொன்றும் சொன்னார். யாரிடமும் சொல்லாமல் கணவர் தானாகவே ஒருமுறை இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்திருக்கிறார், பயம் திரும்புகிறதா என்று. தலைக்குள் சுளீர் சுளீரென்று கரண்ட் அடிப்பதாகச் சொல்லிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம். "நிறுத்தினாலும் பயமா இருக்கு, நிறுத்தலன்னாலும் பயமா இருக்கு. நான் எந்தப் பயத்தண்ணே பயப்படறது?" என்று கேட்டார். நான் அங்கே நிற்கிறேனே, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. வழக்கம்போல வந்தார், வழக்கம்போல நான் ஒரு மாடி ஏறிப் போய் என் சுவரில் ஒட்டிக்கொண்டேன். லிஃப்ட் பெட்டியை நாலாவது மாடியில் நிறுத்திவிட்டு ஐந்தாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். பெட்டியின் கூரை எங்கள் தரைக்குக் கொஞ்சம் கீழே தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, தடித்த கம்பிகள், அதற்கு மேலே இருட்டு. கார்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். "ஒண்ணு, போர்டு மாட்டியாச்சு." "ம்." "ரெண்டு, உள்ள ஆள் இல்ல." "ம்." அந்த நேரம் பார்த்து அந்தக் கூப்பிடாத விருந்தாளி வந்து சேர்ந்தது. வாய் பிளந்து, கண்ணில் நீர் வழிய ஒரு நீளமான கொட்டாவி. முடிந்ததும் பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு, "மூணு, சிவப்பு அமுக்கியாச்சு," என்று சொல்லிக்கொண்டே கூரைமேல் இறங்கிவிட்டார்.

அமுக்கவில்லை. கை நீளவே இல்லை. கார்டில் எழுதியிருந்ததைப் படித்தார், படித்ததையே செய்ததாக எடுத்துக்கொண்டார். சிவப்புப் பட்டன் குத்துக்கல் மாதிரி நிமிர்ந்து நின்றது. ஒரு கணம், என் கண்ணைவிட அவர் வார்த்தையைத்தான் நம்பினேன். மறுகணம் புரிந்தது. அதற்குள் அவர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. சாத்திக்கொண்டால் லிஃப்டுக்கு உயிர் வந்துவிடும். மேலே, கடைசி மாடியான ஆறாவதில் யாரோ ஒரு பெண்மணி குழந்தையை அதட்டும் சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன. கதவருகே இருந்த சிறிய விளக்கில் மேல்நோக்கிய அம்புக்குறி எரிந்தது; லிஃப்டை மேலே கூப்பிட்டுவிட்டார். அவர் மாட்டிய பழுதுப் பலகை கீழ்த் தளத்தில்தானே தொங்குகிறது, அந்தப் பெண்மணிக்கு எப்படித் தெரியும்? லிஃப்ட் ஆறாவது மாடியில் போய் நின்றால், அதன் கூரைக்கும் மேலே இருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து உட்காரத்தான் இடமுண்டு என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் நேராக நின்றுகொண்டிருந்தார்.

கத்த வேண்டும். அதுதான் என் வேலை. மூன்று மாதமாக அதற்காகத்தான் நிற்கிறேன். வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. என் பயம் வந்தது, எப்போதும் வருவதைவிடப் பத்து மடங்கு வந்தது, வந்து நேராகத் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. மேஸ்திரி வேலைக்கு வந்தவன் ஊமையாகிப் போனேன். கதவின் இடைவெளி ஒரு முழம் ஆனது, ஒரு சாண் ஆனது. எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நாலடி தள்ளியே நிற்கிற நான், அந்த இடைவெளியில் என் வலது காலைக் கொண்டுபோய்ச் செருகியிருந்தேன்.

கதவு கணுக்காலில் இடித்து நின்றது. உள்ளேயிருந்து அவர் குரல் அமைதியாக வந்தது. "சார், கால எடுங்க. அடிபட்டுடப் போகுது."

நான் தலையை ஆட்டினேன். கதவிடுக்கு வழியாக விரலை நீட்டிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். சிவப்புப் பட்டனைப் பார்த்தார். அதை நிதானமாக அமுக்கினார். பிறகு தலையை அண்ணாந்து மேலே இருட்டைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து என் பக்கத்தில் நடையில் உட்கார்ந்தார். நான் சுவரில் சரிந்து ஏற்கெனவே தரைக்கு வந்திருந்தேன். உடம்பு முழுக்க வியர்வை. அவர் சட்டை காய்ந்தே இருந்தது.

"இப்ப நான் செத்திருப்பேன் இல்ல சார்?" என்று கேட்டார். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

நான் தலையசைத்தேன்.

மணிக்கட்டில் விரல் வைத்துத் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். "இதுக்குக்கூட வரல சார்," என்றார்.

முப்பது வருடக் கோப்புகளில் இவ்வளவு பயங்கரமான வாக்கியத்தை நான் படித்ததில்லை. அப்போதுதான் எனக்கு என் தப்பு உறைத்தது. இத்தனை நாள் நான் செய்தது உதவியே இல்லை. என் பயத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் டாக்டரிடம் வாய் திறக்காமல் காலம் தள்ளினார், நானும் அதற்கு உடந்தையாக நின்றேன். குரல் திரும்பியதும், "இன்னைக்கே டாக்டர்கிட்ட போறோம். இல்லன்னா உங்க கம்பெனிக்கு நானே போன் பண்ணிடுவேன்," என்றேன். அவர் மறுக்கவில்லை. லிஃப்டை முழுதாக நிறுத்தி, எல்லா மாடியிலும் பலகை மாட்டி, அலுவலகத்துக்குப் போன் செய்து இன்று வேலை செய்ய முடியாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்றார். மனைவிக்குப் போன் செய்தார். எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக.

ஆட்டோவில் போகும்போது என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. இடது கையால் பிடித்துக்கொண்டேன், நிற்கவில்லை. முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன், முழங்காலும் சேர்ந்து ஆடியது. வழியெல்லாம் அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன.

டாக்டரின் அறைக்கு வெளியே அவருடைய மனைவி காத்திருந்தார், கடையின் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்க. நடந்ததைக் கேட்டதும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கணவரின் சட்டைக் கைப்பகுதியைப் பிடித்தார், பிறகு விடவே இல்லை. பணியாள் வந்து அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். மெக்கானிக் அதை மடியில் வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். அழுகை, இல்லை. சாகும் எண்ணம், இல்லை. பதற்றம், பயம்: பேனா ஒரு நொடி நின்றது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்லை" என்ற கட்டத்தில்தான் டிக் போட்டார்.

உள்ளே மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். டாக்டரம்மா நல்லவர்தான், கண்ணில் களைப்பு இருந்தாலும் குரலில் கனிவு இருந்தது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "பதற்றமே இல்ல. ரொம்ப நல்ல முன்னேற்றம். எப்படி இருக்கீங்க?" என்று புன்னகைத்தார்.

மெக்கானிக் அந்தத் தாளையே பார்த்தார். அவருடைய மனைவி என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், காலையில் வந்த அதே காற்றுதான் வந்தது. டாக்டர் பேனாவை எடுத்துப் பழைய மருந்தையே எழுதத் தொடங்கினார். பேனா இரண்டு வரி ஓடியிருக்கும். மெக்கானிக் சட்டையை மனைவியின் பிடியிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டார். மேசைக்கு அடியில் நான் மறைத்து வைத்திருந்த வலது கையை மணிக்கட்டோடு பிடித்து வெளியே எடுத்தார்.

"டாக்டர், இது காலைல எனக்கு வந்திருக்க வேண்டியது," என்று சொல்லி, என் கையை அந்தத் தாளின்மேல் வைத்து, அது ஆடுவதை டாக்டர் பார்க்கட்டும் என்று தன் கையை எடுத்துக்கொண்டார்.